வாடகை வீட்டின் எர்த் கம்பியை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் முப்பத்தொரு ஆண்டுகளாக மின் கம்பியாளராக வேலை செய்கிறேன். முறையாக உரிமம் பெற்றவன். ஐப்பசி மழை பிடித்ததும் உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு செய்தி வரும். துணி காயப்போட்ட பெண் மின்சாரம் பாய்ந்து இறந்தார் என்று இருக்கும். அல்லது ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைப் போட்டவர் தூக்கி வீசப்பட்டார் என்று இருக்கும். மொத்தம் நான்கு வரி. கடைசி வரி 'போலீசார் விசாரித்து வருகின்றனர்' என்று முடியும். அது சொந்த வீடா, வாடகை வீடா என்ற விவரம் மட்டும் அதில் இருக்காது. எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் நடந்தவை எல்லாம் வாடகை வீடுகளில்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரின் லைன் வீடுகள் வெளியூர் வாசகர்களுக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். ஒரு காம்பவுண்டுச் சுவருக்குள் எதிரெதிராக இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு வீடு. வீடு என்றால் பத்தடிக்குப் பத்தடியில் ஓர் அறை, அதை ஒட்டி ஒருவர் நின்று சமைக்க இடம். மேலே சிமெண்ட் அட்டை அல்லது தகரம். கோடியில் இரண்டு கழிப்பறை, இரண்டு குளியலறை. நடுவில் துவைக்கும் கல், அதன் பக்கத்தில் போர் மோட்டார். தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்தவர்களும், இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்களும் இந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். பனியன் கம்பெனிகளில் டெய்லர், செக்கிங், கைமடி வேலை பார்க்கிறவர்கள். ஊரின் ஏற்றுமதிக் கணக்கு பெருமையாகப் பேசப்படும்போதெல்லாம் எனக்கு அந்த அட்டைக் கூரைகள்தான் நினைவுக்கு வரும்.

காம்பவுண்டின் முன்சுவரில் மின்வாரிய மீட்டர் ஒன்றோ இரண்டோ இருக்கும். அதற்குப் பின்னால் வீட்டுக்காரரே கடையில் வாங்கி மாட்டிய சப்-மீட்டர்கள் பன்னிரண்டு. என் கவலை அந்த மீட்டரிலிருந்து புறப்படும் ஒயர். பல்பும் மின்விசிறியும் மட்டும் இருந்த காலத்தில் இழுத்த ஒயர் அது. இன்றைக்கு உள்ளூர் முகவரிச் சான்று இல்லாமல் கேஸ் இணைப்பு வாங்க முடியாதவர்கள் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துக்கொள்கிறார்கள். ஓர் அடுப்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். காலை ஆறு மணிக்கு ஷிப்டுக்குக் கிளம்பும் ஐந்து வீட்டில் அடுப்பு போட்டால் 40 ஆம்பியர். ஒயர் தாங்காது, ஃபியூஸ் போகும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னால், பீங்கான் ஃபியூஸில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிவிட்டுப் போவார்கள். பிறகு ஃபியூஸ் போகாது. சுவருக்குள் ஒயர் வேகும்.

போன ஆனி மாதம் ஒரு காம்பவுண்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். "அண்ணா, துவைக்கும் கல் பக்கத்துக் குழாயைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டுதான் திறக்கிறோம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை." எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று வாரமாக என்றார். மூன்று வாரமாகப் பன்னிரண்டு குடும்பம் செருப்புப் போட்டுக்கொண்டு தண்ணீர் பிடித்திருக்கிறது.

போய்ப் பார்த்தேன். குழாயில் டெஸ்டர் வைத்ததும் எரிந்தது. போர் மோட்டாருக்குப் போகும் கேபிளை நடுவில் ஒட்டுப் போட்டு, வெறும் டேப் சுற்றி, தண்ணீர் தேங்கும் குழியிலேயே விட்டிருந்தார்கள். மோட்டாருக்கு எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் கம்பி, கொடுத்திருந்தால் இரும்புக் குழாய்க்கு இந்த நிலை வந்திருக்காது. எர்த் எங்கே என்று தேடினேன். சுவர் ஓரத்தில் ஒன்றரை அடி கம்பி ஒன்றை அடித்து, அதில் பச்சை ஒயரைச் சுற்றியிருந்தார்கள். சுற்றிய இடம் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. முறையான எர்த் என்றால் எட்டடிக்குக் குறையாத குழி தோண்டி, ஜி.ஐ. என்னும் துத்தநாகம் பூசிய இரும்புப் பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்ப வேண்டும். கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எர்த் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கால் சொல்கிறேன். எர்த் கம்பியின் தடை 100 ஓம் என்று வையுங்கள். துருப்பிடித்த கம்பிக்கு அது சாதாரணம். 230 வோல்ட் கசிந்தால் அந்த வழியாக மண்ணுக்குப் போவது 2.3 ஆம்பியர்தான். அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாக விழும் சுவிட்சான 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அதாவது மின்சாரம் நிற்காது. குழாயில் அப்படியே நிற்கும். மனிதனின் இதயத்தை நிறுத்த 0.1 ஆம்பியர்கூடத் தேவையில்லை. 'எம்.சி.பி. போட்டிருக்கிறோமே, அப்புறம் என்ன பயம்' என்று கேட்கும் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்கிறேன். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றாது. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.டி. என்னும் கருவி. போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும்.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இதைப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு காம்பவுண்டில், விளக்கு மங்கி மங்கி எரிகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் கூரைக்கு மேல் நிற்கும் ஜி.ஐ. பைப்பின் வளைவில் உராய்ந்து உராய்ந்து மேல்தோல் போயிருந்தது. அந்தப் பைப்பிலிருந்து எதிரே இருந்த வேப்பமரத்துக்கு இரும்புக் கம்பியில் துணிக்கொடி கட்டியிருந்தார்கள். வீட்டுக்காரரிடம் ஒயரை மாற்ற வேண்டும், கொடியை அவிழ்க்க வேண்டும் என்றேன். தை மாதம் வெள்ளையடிக்கும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் டேப் சுற்றிவிட்டு, 150 ரூபாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கார்த்திகையில் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் கொஞ்சம் வெயில் அடித்ததும் ஈரத் துணியைக் கொடியில் போடப் போன பெண் அங்கேயே இறந்தார். கல்யாணமாகி நான்கு மாதம். நான் அன்றைக்கு அந்தக் கொடியையாவது அவிழ்த்துக் கீழே போட்டிருக்கலாம். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

வீட்டுக்காரர் அடக்கச் செலவு கொடுத்தார். அந்தக் குடும்பம் ஊருக்குப் போய்விட்டது. தை மாதம் வெள்ளையடித்தார்கள். அந்த வீட்டுக்கு வேறு குடும்பம் வந்தது. சர்வீஸ் ஒயர் மாறியது, எர்த் மாறவில்லை. அதை யாரும் வந்து பார்க்கவுமில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 2017-இல் இயற்றியது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. கட்டடத்தின் பழுது, வெள்ளையடிப்பு, குழாய்களை மாற்றுவது, உள்ளும் புறமும் மின் ஒயரிங்கை மாற்றுவது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட் போன்ற சில்லறை வேலை வாடகைதாரர் பொறுப்பு. உரிமையாளர் செய்ய மறுத்தால் வாடகைதாரரே செய்துகொண்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். தகராறு என்றால் துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் போகலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

லைன் வீட்டில் இது எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுவிட்ச் கருகுகிறது. சுவிட்ச் உன் பொறுப்பு என்பார் வீட்டுக்காரர். வாடகைதாரர் 60 ரூபாய்க்குப் புதுச் சுவிட்ச் வாங்கி மாட்டுவார். பத்து நாளில் அதுவும் கருகும். கருகுவது சுவிட்சின் குற்றம் இல்லை. பின்னால் இருக்கும் ஒயர் தளர்ந்து சூடாகிறது, அல்லது அட்டைக் கூரையில் ஒழுகும் தண்ணீர் சுவர் வழியாகப் பெட்டிக்குள் இறங்குகிறது. சுவிட்ச் எங்கே முடிகிறது, ஒயரிங் எங்கே தொடங்குகிறது என்பதை டெஸ்டரும், ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகரும் தெரிந்த ஆள்தான் சொல்ல முடியும். அந்த ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று இந்த ஏற்பாட்டில் எங்கும் இல்லை. வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்பதும் அப்படியே. 4,500 ரூபாய் வாடகையில் 3,000 ரூபாய் கழித்துக்கொண்டேன் என்று சொல்கிறவரை அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். எழுதிய ஒப்பந்தம் இல்லை, பதிவு இல்லை, வாய்ப்பேச்சும் அட்வான்ஸும்தான். வாடகை அதிகாரியிடம் எதைக் காட்டி நிற்பார்? குழாயில் மின்சாரம் வந்த அந்தக் காம்பவுண்டில் மூன்று வாரம் யாரும் வீட்டுக்காரரிடம் பேசாததற்குக் காரணமும் இதுதான். முதலில் போய்ச் சொல்கிறவர் கண்ணில் படுவார். கண்ணில் பட்டவருக்கு வீடு போகும்.

2023-இல் எல்லா இணைப்புகளிலும் ஆர்.சி.டி. பொருத்த வேண்டும் என்று மின்வாரியம் அறிவித்தது. நான் மனதார வரவேற்றேன். ஆனால் லைன் வீட்டுக்கு அந்த ஏற்பாடு போதாது என்பதைப் பொறுப்புள்ளவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். முன்சுவர் மீட்டருக்கு ஒரே ஒரு ஆர்.சி.டி. வைத்தால், ஏழாம் வீட்டுப் பழைய கிரைண்டரில் கொஞ்சம் கசிந்தாலும் பன்னிரண்டு வீடும் இருளும். இரவு ஒரு மணிக்கு இரண்டு முறை இருண்டால், மூன்றாம் நாள் வீட்டுக்காரர் ஆளைக் கூப்பிட்டு அந்தக் கருவியைச் சுற்றி நேரடியாக ஒயரை இணைத்துவிடுவார். அப்படி இணைத்து வைத்திருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கருவி சுவரில் இருக்கும், வேலை செய்யாது. என்னிடமே இணைத்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள்; மறுத்தேன்; வேறு ஆள் செய்தார். எனவே ஒவ்வொரு வீட்டுக்கும், மோட்டாருக்கும், தனித்தனி ஆர்.சி.டி. வேண்டும். எந்த வீட்டில் கசிகிறதோ அது மட்டும் அணையும். பிழையும் உடனே தெரியும்.

செலவைக் கேட்பார்கள். கணக்குச் சொல்கிறேன். நல்ல ஆர்.சி.டி. ஏறக்குறைய 2,000 ரூபாய். பன்னிரண்டு வீட்டுக்கும் மோட்டாருக்கும் சேர்த்து 26,000. இரண்டு எர்த் குழி, ஆளும் பொருளும் சேர்த்து 14,000. பொருத்தும் கூலி 8,000. மொத்தம் 48,000. அதே காம்பவுண்டின் ஒரு மாத வாடகை, வீட்டுக்கு 4,500 வீதம், 54,000 ரூபாய்.

எல்லா வீட்டுக்காரர்களும் கல் நெஞ்சர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கணவர் இறந்த பிறகு நான்கு போர்ஷன் வாடகையில் பிழைக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். மில்லில் ஓய்வு பெற்ற பணத்தைப் போட்டு மூன்று வீடு கட்டியவர்களையும் தெரியும். அவர்களுக்கு ஓர் ஆண்டு அவகாசம் கொடுங்கள், சொத்து வரியில் ஒரு தொகையைக் கழித்துக் கொடுங்கள். எனக்கு மறுப்பே இல்லை. இருபது, முப்பது வீடு வைத்து வாடகை வாங்குகிறவருக்கு எந்த அவகாசமும் தேவையில்லை.

என் அக்கா மகன் இங்கிலாந்தில் வாடகை வீட்டில் இருக்கிறான். சாவி கொடுப்பதற்கு முன்பே வீட்டு உரிமையாளர் ஒரு மின் பரிசோதனை அறிக்கையைக் கொடுத்ததாகச் சொன்னான். அங்கே 2020-இல் வந்த விதிப்படி, வாடகைக்கு விடும் வீட்டின் ஒயரிங்கைத் தகுதி பெற்றவரைக் கொண்டு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். அறிக்கையின் நகல் குடியிருப்பவரிடம் இருக்க வேண்டும். மீறினால் உள்ளாட்சி அமைப்பு அபராதம் போடும். அவன் அந்த அறிக்கையைப் போனில் அனுப்பினான். எர்த் தடை, இன்சுலேஷன் தடை, ஆர்.சி.டி. எத்தனை மில்லி விநாடியில் துண்டித்தது என்று வரிசையாக எழுதியிருந்தது. இதில் ஒன்றுகூட எங்களால் செய்ய முடியாத சோதனை இல்லை. மெகர் என் பையில் இருக்கிறது. ஒரு காம்பவுண்டை அரை நாளில் சோதித்துவிடலாம்.

இங்கே அதைச் செய்வதற்குப் புது அலுவலகம் வேண்டாம். மாநகராட்சி ஆண்டுக்கு இருமுறை சொத்து வரி வாங்குகிறது. வாடகைக்கு விட்ட கட்டடம் எது என்பது வரிப் பதிவேட்டிலேயே இருக்கிறது. அக்டோபரில் தொடங்கும் அரையாண்டு வரியைக் கட்ட வரும்போது, உரிமம் பெற்ற மின் கம்பியாளர் கையெழுத்திட்ட அறிக்கையைக் கேட்கட்டும். ஐந்து ஆண்டுக்கு ஒன்று போதும். எங்கள் கையெழுத்துக்கு நாங்கள் பொறுப்பேற்க வேண்டும். பார்க்காமல் கையெழுத்துப் போடும் கம்பியாளரின் உரிமத்தை ரத்து செய்யட்டும். பழுது பற்றிப் புகார் சொன்ன வாடகைதாரரைக் குறைந்தது ஆறு மாதத்துக்குக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று ஒரு விதியும் வேண்டும். அது இல்லாமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இன்னொரு வழி பைசா செலவில்லாதது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கணக்கீட்டாளர் ஒவ்வொரு காம்பவுண்டுக்கும் வருகிறார். சர்வீஸ் பைப்பில் கொடி கட்டியிருப்பதும், ஒயர் உரிந்திருப்பதும், ஆர்.சி.டி.யைச் சுற்றி ஒயர் போட்டிருப்பதும் அவர் கண்முன்னால்தான் இருக்கின்றன. ரீடிங் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு இட்ட வேலை அவ்வளவுதான். பார்த்த குறையைப் பிரிவு அலுவலகத்துக்கு எழுதித் தருவதையும் அந்த வேலையில் சேர்க்கலாம். மின்வாரியம் ஒரு நோட்டீஸ் அனுப்பினால் வீட்டுக்காரர் பயப்படுவார். என் பேச்சுக்குப் பயப்படவில்லை.

இதைப் படிக்கும் வாடகைதாரர்களுக்கு ஒன்று. இரும்புக் கம்பிக்கொடியை இன்றைக்கே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். அதையும் மின் பைப்பில் கட்ட வேண்டாம். வீட்டில் ஆர்.சி.டி. இருந்தால் அதில் 'T' என்று எழுதிய சிறிய பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியதும் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது வெறும் பெட்டி.

செருப்புப் போட்டுக்கொண்டு தண்ணீர் பிடித்த காம்பவுண்டில் புதுக் கேபிள் போட்டாகிவிட்டது. எர்த் குழிக்கு வீட்டுக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை. அந்தப் பெண் மட்டும் வாரம் ஒருமுறை எனக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் எங்கள் பகுதிக் கம்பியாளர்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் வீடுகளுக்குப் போய், பணம் வாங்காமல், எர்த் மட்டும் சோதித்துச் சொல்கிறோம். வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. சென்ற ஞாயிறு மூன்று காம்பவுண்டுகளில் கேட்டோம். ஒன்றில் கேட்டைத் திறந்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு மின் கம்பியாளர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.